ஊருக்கு ஒரு தொலைநோக்கி: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

திருப்பத்தூரில் மாதம் ஒருமுறை, அமாவாசையை ஒட்டி வரும் சனிக்கிழமை இரவில், மைதானத்தில் கூடி வானம் பார்க்கும் குழு நாங்கள். இப்போது கையில் உருப்படியாக இருப்பது ஒரே ஒரு 10×50 பைனாகுலர்தான். கையில் பிடித்துப் பார்த்தால் வியாழன் புழு மாதிரி நெளியும். அதனால் ஒட்டடைக் கம்பைத் தரையில் ஊன்றி, அதன் தலையில் பைனாகுலரை சைக்கிள் டியூபால் கட்டிப் பார்க்கிறோம். சிரிக்காதீர்கள், வியாழனின் நான்கு பெரிய நிலாக்களும் அப்படித்தான் தெரிந்தன.

நாலு வருஷம் முன்பு ஒரு தொலைநோக்கி வாங்கினோமே, அது என்ன ஆச்சு என்று சிலர் கேட்பீர்கள். அதைச் சொல்லிவிட்டுத்தான் மேற்கொண்டு கேட்க வேண்டும். பெட்டியின் மேல் ‘525 மடங்கு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததைப் பார்த்து ஏமாந்தோம். முன்வில்லை வெறும் 60 மில்லிமீட்டர். அந்த அளவுக்கு 120 மடங்கைத் தாண்டினால் உருவம் பெரிதாகுமே தவிர, கலங்கிப்போகும். ஸ்டாண்டோ, பக்கத்தில் யாராவது தும்மினால் ஆடியது. அப்புறம் இரண்டு மழைக்காலம் அலமாரிக்குள் கிடந்ததில் வில்லையில் பூஞ்சை பிடித்துவிட்டது. விசாரிக்காமல் வாங்கியது, ஒழுங்காகப் பாதுகாக்காதது இரண்டுமே எங்கள் தப்பு.

இந்த முறை விசாரித்து வைத்திருப்பது 8 அங்குல டாப்சோனியன். பெரிய குழாய், அடியில் 8 அங்குல அகல ஆடி (கண்ணாடி), திருப்புவதற்கு ஒரு மரப்பெட்டி, அவ்வளவுதான். மோட்டாரும் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது. பழைய 60 மில்லிமீட்டரைவிட 11 மடங்குக்கு மேல் வெளிச்சம் சேர்க்கும். இந்த வகையைப் பரப்பிய ஜான் டாப்சன், சான்பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்து மடத்தில் 1967 வரை துறவியாக இருந்தவர். கையில் காசில்லாமல், கிடைத்த பழைய கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்து, தெருவோரம் நிறுத்தி, போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டு நிலாவைக் காட்டியவர். வரிசையில் நின்று பார்க்கிற ஊர் ஜனத்துக்கு இதைவிடத் தோதான கருவி எங்களுக்குத் தெரியவில்லை.

ஒரு சிரமம் உண்டு. பூமி சுற்றுவதால் 150 மடங்கில் வைத்த சனி ஒன்றரை நிமிடத்துக்குள் பார்வையை விட்டு நகர்ந்துவிடும். குழாயை லேசாகத் தள்ளித் தள்ளிப் பிடிக்க ஒரு ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் அதற்கு இப்போதே சண்டை போடுகிறார்கள்.

போன தை மாதம் வெளியூர் நண்பர் ஒருவர் தன் 8 அங்குலத்தை ஓர் இரவு கொண்டுவந்திருந்தார். பிறை நிலாவைப் பார்த்த பூக்காரம்மா, “ஆப்பம் வேகறப்ப விழுற ஓட்டை மாதிரியே இருக்குதுப்பா” என்றார். நிலாக்குழிகளுக்கு இதைவிட நல்ல உவமையை நாங்கள் கேட்டதில்லை. வரிசையின் கடைசிக்குப் போய் இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினார்.

காவலூர் வான் ஆய்வகம் நம் மாவட்டத்திலேயே, ஜவ்வாது மலையில் இருக்கிறது. 1986 முதல் அங்கே இயங்குவது 2.34 மீட்டர் ஆடி. 1977இல் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது அதன் வளையத்தின் தடயத்தைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. ஆனால் அந்தப் பெரிய ஆடி ஆராய்ச்சிக்கானது, நாம் கண்ணை வைத்துப் பார்ப்பதற்கு அல்ல. நமக்கென்று ஒன்று மைதானத்தில் இருந்தால், வாரக் கடைசியில் மலை ஏறாமலே பார்க்கலாம்.

பைனாகுலரை மட்டமாக நினைக்க வேண்டாம். தைப்பூசத்தன்று முழுநிலா நிற்கிற பக்கத்தை, பத்து நாள் கழித்து நிலா இல்லாத முன்னிரவில் பைனாகுலரில் பாருங்கள். வெறுங்கண்ணுக்கு வெண்புகை மாதிரி இருந்தது, தேனீக்கள் மொய்ப்பது போல நட்சத்திரக் கூட்டமாகப் பிரியும். தொலைநோக்கியில் அந்தப் பூச நட்சத்திரக் கொத்து முழுதாக அடங்காது. கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்கும் பைனாகுலர்தான் அழகு. அதனால் இரண்டு பைனாகுலரும் பட்டியலில் இருக்கின்றன.

கணக்கு இது. தொலைநோக்கிக்கு 62,000 ரூபாய். கூடுதல் ஐபீஸ்கள் (கண் வைத்துப் பார்க்கும் வில்லைகள்), ஆடியைச் சீராக்கும் கருவி, நிலா ஃபில்டர் எல்லாம் சேர்த்து 11,000. இரண்டு பைனாகுலர், ஆடாத இரண்டு ஸ்டாண்டு 16,000. மூடி வைக்கப் பெட்டி, ஈரம் உறிஞ்ச சிலிக்கா ஜெல் (இம்முறை மறக்க மாட்டோம்), உறை 6,000. ஆக 95,000. உறுப்பினர்கள் போட்டது 31,500. இன்னும் வேண்டியது 63,500.

நூறு ரூபாயானாலும் ரசீது உண்டு. ஞாயிறு காலை நூலகத்தில் பொருளாளரிடம் நேரில் கொடுக்கலாம். வரவு செலவை அங்கேயே பலகையில் எழுதிப் போடுவோம். குழாயில் நன்கொடையாளர் பெயர் பொறிக்க மாட்டோம். ஆயிரம் கொடுத்தவரும் பத்து கொடுத்தவரும் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும். யார் வீட்டிலும் இது தங்காது. நூலகப் பீரோவில் இருக்கும், சாவி இரண்டு பேரிடம்.

மார்கழிக்குள் பணம் சேர்ந்தால் தையில் கருவி வந்துவிடும். 2027 பிப்ரவரியில் வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே வந்து இரவு முழுக்கத் தெரியப்போகிறது, அதைத் தவறவிட எங்களுக்கு மனசில்லை. சனியின் வளையமும் 2025 மார்ச்சில் வெறும் கோடாகச் சுருங்கிப்போய், இப்போது வருஷா வருஷம் விரிந்துகொண்டிருக்கிறது.

பணம் தர முடியாதவர்கள் வீட்டில் சும்மா கிடக்கும் பைனாகுலர் இருந்தால் கொண்டுவாருங்கள், பூஞ்சை பிடித்திருந்தாலும் பரவாயில்லை. மைதானத்து மூலையில் எரியும் விளக்கை மாதத்தில் இரண்டு மணி நேரம் அணைக்கச் சொல்லிக் கேட்கக்கூடிய செல்வாக்கு உள்ளவர்கள் எங்களுக்கு இன்னும் அவசரமாகத் தேவை. கூட்டத்துக்கு வரும்போது, இருட்டுக்குப் பழகிய கண் கூசாதிருக்க, டார்ச் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொண்டு வாருங்கள். செல்போனைப் பையிலேயே வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வானம் பார்க்கும் குழுவினர்,
திருப்பத்தூர்