ஜாங்கோ சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பைதானில் வெப்சைட் கட்ட உதவும் ஜாங்கோவை உங்களிடம் படித்துவிட்டு வேலைக்கு வரும் பிள்ளைகள் எழுதும் கோட் என்னிடம்தான் ரிவியூவுக்கு வருகிறது. நன்றாகவே எழுதுகிறார்கள். ஆனால் டெம்ப்ளேட்டில் (தரவை இட்டு நிரப்பும் பக்க அச்சில்) ஏதாவது கோணலாகத் தெரிந்தால் போதும், உடனே ‘இதை மாற்றாமல் அப்படியே போடு’ என்று சொல்லும் ‘சேஃப்’ ஃபில்டரை மாட்டிவிடுகிறார்கள்.

போன வருடம் ஒரு பில் பக்கத்தில் கடைப் பெயரையும் குறிப்பையும் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் இருக்கும் ஸ்கிரிப்ட் டேகுக்குள் நேராகப் போட்டிருந்தோம். ‘முருகன் & சன்ஸ்’ திரையில் ‘முருகன் &ஆம்ப்; சன்ஸ்’ ஆகிவிட்டது. ஒரு தம்பி இரண்டுக்கும் சேஃப் போட்டார், சரியானது. நானும் ஓகே சொன்னேன். அது என் தப்பு. சில வாரம் கழித்து ஒரு கடைக்காரர் குறிப்புப் பெட்டியில் தன் வெப்சைட்டின் எச்டிஎம்எல்லை ஒட்டிவிட்டார். அதில் ஸ்கிரிப்டை மூடும் குறி இருந்தது. எங்கள் ஜாவாஸ்கிரிப்ட் வரிகள் பில்லுக்கு நடுவே எழுத்தாகக் கொட்டின. நல்லவேளை, அவர் தெரியாமல் செய்தார்.

2008-ல் வந்த 1.0 முதலே ஜாங்கோ <, >, &, இரு வகை மேற்கோள் என 5 குறிகளைத் தானாக எஸ்கேப் செய்கிறது, அதாவது எச்டிஎம்எல் குறியாகப் படிக்கப்படாதபடி மாற்று எழுத்துக்கோவையாக்குகிறது. மற்ற இடங்களில் பிரவுசர் அதைப் பழையபடி மாற்றிக் காட்டும். ஸ்கிரிப்டும் ஸ்டைலும் ரா டெக்ஸ்ட் (உள்ளே இருப்பதை அப்படியே எடுக்கும் வகை) என்பதால் அங்கே மாற்றாது. மூடும் குறி எங்கே என்று மட்டும் பார்க்கும், அது மேற்கோளுக்குள் கிடந்தாலும். ஆக, எஸ்கேப் செய்தால் பெயர் கெடும், சேஃப் போட்டால் பக்கமே கெடும்.

சேஃப் எதையும் சுத்தம் செய்வதில்லை. ஒரிஜினலைப் பார்க்காமல் அட்டெஸ்டேஷன் போடுகிற கையெழுத்து அது. பெயர்தான் பிள்ளைகளை ஏமாற்றுகிறது.

இதற்கென்றே ‘ஜேசன் ஸ்கிரிப்ட்’ ஃபில்டர் 2018-ல், 2.1 பதிப்பிலேயே வந்துவிட்டது. தரவை ஜேசனாக்கி (ஜாவாஸ்கிரிப்ட் படிக்கும் எழுத்து வடிவம்), <, >, & மூன்றையும் யூனிகோடு எண்ணாக மாற்றி, ஐடியோடு தனி ஸ்கிரிப்டில் வைக்கும். அங்கிருந்து ஜாவாஸ்கிரிப்டில் பார்ஸ் செய்து (படித்துப் பிரித்து) எடுத்தால் முருகனும் சன்ஸும் பத்திரம். திரையில் போடும்போது எழுத்தை எச்டிஎம்எல்லாகப் படிக்கும் இன்னர் எச்டிஎம்எல் வேண்டாம், வெறும் எழுத்தாகவே காட்டும் டெக்ஸ்ட் கன்டென்ட் போதும்.

தயவுசெய்து இதை முதலில் சொல்லிக்கொடுங்கள், சேஃப் அப்புறம் வரட்டும். முடிந்தால் வகுப்பிலேயே சேஃப் போட்ட ஒரு பெயருக்குள் ஸ்கிரிப்டை மூடும் குறியை டைப் செய்து, பக்கம் எப்படிச் சிதறுகிறது என்று காட்டிவிடுங்கள். ஐந்து நிமிடம்தான் ஆகும்.

இப்படிக்கு,
உங்கள் மாணவர்களின் ரிவியூவர்