மனைப்பிரிவு அனுமதியில் நகர்நல அலுவலரின் கருத்தும் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னைப் பெருநகருக்கு 2046 வரையிலான மூன்றாவது முழுமைத் திட்டத்தை (மாஸ்டர் பிளான்) உருவாக்கும் பணி நடந்துவருகிறது. வேறு பல நகரங்களுக்கும் புதிய முழுமைத் திட்டங்கள் வகுக்கப்படுகின்றன. நகராட்சிகளில் சுகாதார ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இது தொடர்பாக ஒரு கோரிக்கையை முன்வைக்க விரும்புகிறேன்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் களப்பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று டிரம்களையும் தொட்டிகளையும் சோதித்து, கொசுப்புழுக்களை அழிக்கும் அபேட் மருந்து ஊற்றுவதை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் அல்ல, நாம் சேமித்துவைக்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. அந்த முட்டை கொசுவாகிப் பறக்க ஏறத்தாழ 7 முதல் 10 நாள்கள் ஆகும். நான் பணியாற்றிய நகராட்சி ஒன்றின் விரிவாக்கப் பகுதியில் குடிநீர் எட்டு நாள்களுக்கு ஒருமுறைதான் வரும். கொசு வளர எத்தனை நாள் வேண்டுமோ, அத்தனை நாள் தண்ணீரைத் தேக்கிவைக்கும்படி அந்த மக்களை நாமே பழக்கியிருந்தோம். மூடாத டிரம்முக்காக நோட்டீஸ் கொடுத்தபோது, "தினமும் தண்ணீர் விட்டால் நான் எதற்கு ஐயா பிடித்துவைக்கப் போகிறேன்?" என்று ஓர் அம்மையார் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மேல்நிலைத் தொட்டியின் கொள்ளளவைக் கூட்டாமலேயே அங்கு அடுத்தடுத்து மனைப்பிரிவுகளுக்கு அனுமதி தரப்பட்டிருந்தது. காய்ச்சல் பரவிய பிறகு சுகாதாரப் பிரிவை விரட்டியவர்கள், அனுமதி தரும் முன் அதனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் பணிக்காலத்தில் ஒரு மனைப்பிரிவுக் கோப்புகூட கருத்துக் கேட்டு எங்கள் பிரிவுக்கு வந்ததில்லை. இவ்வளவுக்கும் நகரமைப்புப் பிரிவு அதே கட்டடத்தின் மாடியில்தான் இருந்தது.

சட்டம் இப்படிப் பிரித்துவைக்கச் சொல்லவில்லை. 74-ஆவது அரசமைப்புத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 12-ஆவது அட்டவணை, நகரமைப்பையும் பொதுச் சுகாதாரத்தையும் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குரிய பணிகளாக ஒரே பட்டியலில் வைத்திருக்கிறது. 1920-இல் நகரமைப்புச் சட்டத்தையும் 1939-இல் பொதுச் சுகாதாரச் சட்டத்தையும் இயற்றிய மாகாணம் நம்முடையது.

திறந்தவெளி ஒதுக்கீட்டையும் இங்கே குறிப்பிட வேண்டும். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் 10 சதவீதம் திறந்தவெளிக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பது விதி. ஆனால் 10,000 சதுர மீட்டர் வரையில், இடத்துக்குப் பதிலாக அதன் வழிகாட்டி மதிப்பைப் பணமாகச் செலுத்தவும் அதே விதி இடம்கொடுக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக 2021 முதல் சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. அது நல்ல திட்டம், மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த மாத்திரையோடு 'தினமும் நடங்கள்' என்றும் சொல்லப்படும் முதியவருக்கு, தெருவில் நடைபாதையும் இல்லை, பக்கத்தில் பூங்காவும் இல்லை.

எனவே, முழுமைத் திட்ட வரைவுக்கும் பெரிய மனைப்பிரிவுகளுக்கும் ஒப்புதல் தரும் முன், சுகாதாரப் பிரிவின் தலைவரான நகர்நல அலுவலரின் எழுத்துபூர்வமான கருத்தைப் பெறுவதை அரசு கட்டாயமாக்க வேண்டும். அங்கே எத்தனை நாளுக்கு ஒருமுறை குடிநீர் வரும், கழிவுநீர் எங்கே போய்ச் சேரும், குப்பைக் கிடங்கும் ஆலைகளும் எவ்வளவு தொலைவில் உள்ளன, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடந்தே போக முடியுமா என்பவற்றுக்கு அதில் விடை இருக்க வேண்டும். வரைவின் மீது மக்களின் ஆட்சேபனைகளைக் கோரும்போது அக்கருத்தையும் சேர்த்தே வெளியிட வேண்டும். எந்த வார்டில் ஆண்டுதோறும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் மிகுதி என்பது சுகாதாரப் பிரிவின் பதிவேடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. நிலப் பயன்பாட்டு வரைபடத்தை விரித்து அமரும் நாளில், அந்தப் பதிவேடுகளையும் மாடிக்கு எடுத்துவரச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் ஒருவர்,
திண்டுக்கல்.