உளி காய்ச்சித் தந்தவருக்கும் உடன் நின்றவர்களுக்கும்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 38 பேர் போன மாதம் மண்டகப்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் போய்க் கல் பார்த்து வந்தார்கள். வரலாற்றுப் பாடம் எடுக்கும் எனக்கு இது நெடுநாள் ஆசை. அதை நடத்திக் கொடுத்தவர்கள் நீங்கள்.

விடியுமுன் பஸ்ஸை எடுத்த ஓட்டுநருக்கும், இட்லிப் பொட்டலம் கட்டித் தந்த தாய்மார்களுக்கும் முதல் நன்றி.

செங்கல், மரம், உலோகம், சுதை (சுண்ணாம்புச் சாந்து) எதுவும் இல்லாமல் பிரமன், ஈசன், திருமாலுக்குப் பாறையைக் குடைந்து இக்கோயிலை ஆக்குவித்ததாகப் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் மண்டகப்பட்டுக் கல்வெட்டு சொல்கிறது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் சுவரைத் தடவிக்கொண்டிருந்த ஒரு மாணவி கேட்டாள்: "உலோகம் இல்லாமல் எப்படி சார் குடைந்தார்கள்?" கட்டுமானத்தில்தான் உலோகம் இல்லை, குடைந்த கையில் இருந்தது என்றேன். அவளுக்கு அது போதவில்லை.

மாமல்லபுரத்துச் சிற்பி ஐயா, அன்றைய கூலியை விட்டுவிட்டு எங்களோடு வந்தீர்கள். ஒற்றைப் பாறையில் செதுக்கி, முடிக்காமல் விட்ட வலையன்குட்டை ரதத்தின் முன் பிள்ளைகளை நிறுத்தி, மேலே தளங்கள் திருத்தமாக இருப்பதையும் கீழே பாறை கரடுமுரடாகவே நிற்பதையும் காட்டினீர்கள். முற்றுப்பெறாத ஒரு குடைவரைக் கோயிலில், பாறை முகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, சுற்றிலும் பள்ளம் வெட்டி, நடுவில் நின்ற கல்லை உடைத்தெடுத்த தடங்களை அவர்கள் விரலாலேயே தொட வைத்தீர்கள். முடிந்த சிற்பங்களைவிட முடியாதவையே எங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுத்தன. பட்டறையில் ஒவ்வொரு பிள்ளையின் வாயிலும் மூக்கிலும் துணி கட்டிவிட்ட பிறகே சுத்தியலைக் கொடுத்தீர்கள். கல்தூசி நுரையீரலை என்ன செய்யும் என்பதை மறைக்காமல் சொன்னீர்கள். அதற்குத் தனி நன்றி.

மாணவியின் கேள்விக்கு முழுப் பதில் கொல்லர் அண்ணனின் உலையில்தான் கிடைத்தது. கருங்கல்லில் உளி சீக்கிரம் மழுங்கும். அதைச் சிவக்கக் காய்ச்சி, முனையை அடித்துக் கூராக்கி, நுனியை மட்டும் தண்ணீரில் தோய்த்து, ஏறி வரும் நிறத்தைக் கண் எடுக்காமல் பார்த்திருந்தீர்கள். பதம் மிஞ்சினால் நுனி தெறித்துவிடும், குறைந்தால் வளைந்துவிடும் என்றீர்கள். அந்தச் சில நொடிகளில் பிள்ளைகள் மூச்சுக்கூட விடவில்லை.

பக்கத்துப் பூஞ்சேரியில் ஒரு பாறையில் சில பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. மாமல்லபுரத்தில் வேலை செய்தவர்களின் பெயர்கள் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். கேவாத பெருந்தச்சன், குணமல்லன் என்று நீளும் அந்த வரிசையில் 'கொல்லன் சேமகன்' என்றும் ஒரு பெயர் உண்டு. பஸ்ஸில் திரும்பும்போது அதைச் சொன்னேன். "நம்ம அண்ணன் மாதிரி" என்றாள் அதே மாணவி.

அண்ணா, காசு வாங்காமல் ஐந்து உளிகள் கொடுத்தனுப்பினீர்கள். பள்ளி வேப்பமரத்தடியில் ஒரு கருங்கல் துண்டில் பிள்ளைகள் தாமரை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு இதழ் தெரிகிறது. மழுங்கினால் கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தீர்கள். மூன்று மழுங்கிவிட்டன. வரும் சனிக்கிழமை எடுத்துக்கொண்டு வருகிறோம்.

நன்றியுடன்,
ஒரு வரலாற்று ஆசிரியர்,
விழுப்புரம் மாவட்டம்