புகார்: உங்கள் டீகோ ஆப்பின் மாற்றுத் திட்டத்தில் கேஸ் கணக்கு தவறு

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர்,
மென்பொருள் பிரிவுத் தலைவர்

பொருள்: கேஸ் (சுவாச வாயு) இழப்புக்கான மாற்றுத் திட்டத்தில் லிட்டர் கணக்கு மாறாமல் நிற்பது, அப்டேட்டில் கிரேடியன்ட் ஃபேக்டர் (மேலே வருவதில் எவ்வளவு எச்சரிக்கை என்று தீர்மானிக்கும் இரண்டு எண்கள்) தானாக மாறுவது குறித்து

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

நேராக மேலே வர முடியாத டெக்னிக்கல் டைவ்களுக்கு டீகம்ப்ரஷன் (டீகோ) திட்டம் போட, அதாவது உடம்பில் ஏறிய வாயு வெளியேற எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் ஸ்டாப் போட்டு நின்று மேலே வருவது என்று கணக்கிட, எங்கள் குழு உங்கள் ஆப்பைத்தான் பயன்படுத்தி வருகிறது. கடைசியாக வந்த பெரிய அப்டேட்டுக்குப் பிறகு அதில் ஆளைக் கொல்லக்கூடிய ஒரு பிழை இருக்கிறது. உங்கள் உதவி மையத்துக்கு ஏற்கெனவே எழுதினேன். வந்த பதில் நான் சொன்ன விஷயத்தைத் தொடவே இல்லை. அதனால் நேராக உங்களுக்கே எழுதுகிறேன்.

பிழையை நீங்கள் உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துவிடலாம். 60 மீட்டர் ஆழம், 20 நிமிடம் பாட்டம் டைம் என்று கொடுங்கள். முதுகில் 18/45 டிரைமிக்ஸ் (18 சதவீதம் ஆக்சிஜன், 45 சதவீதம் ஹீலியம், மீதி நைட்ரஜன்), டீகோவுக்கு நைட்ராக்ஸ் 50 (பாதி ஆக்சிஜன், பாதி நைட்ரஜன்), ஆக்சிஜன். சுவாச அளவு நிமிடத்துக்கு 18 லிட்டர். ஆப் போடும் முதன்மைத் திட்டத்தில் 21 மீட்டரிலிருந்து 9 மீட்டர் வரை நைட்ராக்ஸ், 6 மீட்டரில் ஆக்சிஜன். நைட்ராக்ஸ் தேவை 600 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. ஒன்றரை மடங்காகக் கையிருப்பு வைத்தாலும் 900 லிட்டரைத் தாண்டாது. 5.7 லிட்டர் அலுமினிய சிலிண்டரை 200 பாருக்கு நிரப்பினால் 1140 லிட்டர் கிடைக்கும். ஆப் பச்சை டிக் போடுகிறது. சரி, அதுவரை கணக்கு நியாயமானதுதான்.

இப்போது 'ஆக்சிஜன் இழப்பு' என்பதைத் தட்டுங்கள். ஆக்சிஜன் கிடைக்காமல் போனால் எப்படி மேலே வருவது என்ற மாற்றுத் திட்டம் அது. ஸ்டாப் நேரங்கள் ஒழுங்காக மாறுகின்றன. 6 மீட்டரில் நைட்ராக்ஸிலேயே 28 நிமிடம் நிற்கச் சொல்கிறது. அதற்குக் கீழே லிட்டர் வரிசையைப் பாருங்கள். 600-க்குக் குறைவான அதே பழைய எண், அதே பச்சை டிக்! 6 மீட்டரில் அழுத்தம் 1.6 பார். 28 நிமிடம், 1.6 பார், 18 லிட்டர் மூன்றையும் பெருக்கினால் 806 லிட்டர். முன்னால் செலவானதையும் கூட்டினால் மொத்தத் தேவை சுமார் 1400. சிலிண்டரில் இருப்பது 1140. கையிருப்பை விடுங்கள், அடிப்படைத் தேவைக்கே 260 லிட்டர் பற்றாக்குறை. 6 மீட்டரில் அது ஒன்பது நிமிட சுவாசம்.

அந்த ஒன்பது நிமிடத்துக்கு ஒரு டைவர் என்ன செய்வார்? முதுகிலுள்ள டிரைமிக்ஸுக்குத் திரும்பலாம். அதில் ஆக்சிஜன் 18 சதவீதம்தான். 6 மீட்டரில் அது சுவாசிக்கப் போதும், ஆனால் உடம்பிலிருந்து வாயுவை வெளியேற்ற நைட்ராக்ஸைவிட மிகவும் மெதுவானது. ஒன்பது நிமிடம் என்பது அதைவிட நீளும், எவ்வளவு நீளும் என்பதற்கு அவர் கையில் அட்டவணை இல்லை. இல்லையென்றால் டீகோ பாக்கியோடு மேலே ஏற வேண்டியதுதான். அதன் பிறகு, உடம்பில் வாயு குமிழியிடும் டீகம்ப்ரஷன் நோய்க்குச் சிகிச்சை தரும் மறு அழுத்த அறை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது எல்லாம்.

மாற்றுத் திட்டம் என்பதே எதற்காக என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் உங்கள் உதவி மையத்தின் பதிலைப் படித்த பிறகு சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. தண்ணீருக்குள் டைவ் கம்ப்யூட்டர் நேரடியாகக் கணக்கிட்டுக் காட்டும், ஆகவே கவலை வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்லும், உண்மை. அந்த நேரத்துக்கு வேண்டிய கேஸைக் கொண்டுவந்து தராது. ஆக்சிஜன் ரெகுலேட்டர் 6 மீட்டரில் மக்கர் செய்கிறது என்று தெரியும்போது, படகிலேயே விட்டுவந்த பெரிய சிலிண்டரை எடுத்துவர வழியில்லை. 5.7 லிட்டரா, 11 லிட்டரா என்ற முடிவு கரையில்தான் எடுக்கப்படுகிறது. அந்த முடிவை எடுக்கத்தான் கேஸ் இழப்பு அட்டவணை. அதில் நேரத்தை மட்டும் மாற்றிவிட்டு லிட்டரை மாற்றாமல் விட்டால் அட்டவணை இருந்தும் பயனில்லை. பச்சை டிக் வேறு போட்டால் அது இல்லாமலிருப்பதே மேல்.

நைட்ராக்ஸ் இழப்பிலும் இதே கதைதான். 21 மீட்டரிலிருந்து 9 மீட்டர் வரையிலான ஸ்டாப்கள் எல்லாம் டிரைமிக்ஸில் நீளமாகின்றன, ஆனால் டிரைமிக்ஸ் தேவை முதன்மைத் திட்டத்தில் இருந்தபடியே நிற்கிறது. இது இன்னும் மோசம். முதுகிலுள்ள இரட்டை சிலிண்டரில் மிஞ்சுகிற கேஸ் ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை. கூட வருபவருக்குக் கேஸ் தீர்ந்தால் அவரும் அதில்தான் மேலே வர வேண்டும். அவருக்காக ஒதுக்கி வைத்த பங்கை உங்கள் கணக்கு சத்தமில்லாமல் தின்றுவிடுகிறது. 3 மீட்டர் கூடுதல் ஆழம், 5 நிமிடம் கூடுதல் நேரம் என்று போடும் அட்டவணைகளிலும் பார்த்தேன். அங்கேயும் லிட்டர் நகரவில்லை.

எங்கள் குழுவில் திட்டத்தைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்க்காமல் யாரும் தண்ணீரில் இறங்குவதில்லை. அதனால் இது கரையிலேயே பிடிபட்டது. புதிதாகப் பயிற்சி முடித்து வருபவர் நீங்கள் தரும் பக்கத்தை அப்படியே ஸ்லேட்டில் எழுதிக்கொண்டு இறங்குவார். அந்தப் பக்கத்தின் அடியில் 'கேஸ் போதுமானது' என்று தடித்த எழுத்தில் அச்சாகிறது. அவருக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டாப் கணக்கில் எனக்குக் குறையே இல்லை. உடம்பில் வாயு ஏறி இறங்குவதைக் கணக்கிடும் பூல்மான் இசட்எச்எல்-16சி மாதிரியின் 16 திசுப் பிரிவுகளையும் நீங்கள் சரியாகவே கையாள்கிறீர்கள். வேறொரு மென்பொருளோடு வைத்துப் பார்த்தேன், நேரங்கள் ஒத்துப்போகின்றன. அந்தப் பகுதி இவ்வளவு நன்றாக இருப்பதால்தான் அதன் கீழே இருக்கும் லிட்டரையும் எல்லோரும் நம்பிவிடுகிறார்கள்.

அப்புறம் கிரேடியன்ட் ஃபேக்டர் விஷயம். நான் சேமித்து வைத்திருந்தது 45/75. அப்டேட் ஆனதும் கேட்காமல் கொள்ளாமல் 20/85 ஆகிவிட்டது. முதல் எண் குறைவாக இருப்பதால் இது அதிகப் பாதுகாப்பான அமைப்பு, பாதிப்பில்லை என்பது உங்கள் உதவி மையத்தின் பதில். இதை நான் ஏற்கவே மாட்டேன். முதல் எண் முதல் ஸ்டாப் எந்த ஆழத்தில் தொடங்கும் என்பதையும், இரண்டாவது எண் நீர்மட்டத்துக்கு வரும்போது உடம்பில் எவ்வளவு மிகை அழுத்தம் இருக்கலாம் என்பதையும் தீர்மானிக்கின்றன. 75 இருந்த இடத்தில் 85 வைத்தால் நான் அனுமதித்ததைவிட அதிக மிகை அழுத்தத்தோடு என்னை மேலே வரச் சொல்கிறீர்கள் என்று அர்த்தம். இதில் எங்கே பாதுகாப்பு கூடியது?

20 என்ற எண்ணும் அப்படியொன்றும் சாதுவானதில்லை. அது ஸ்டாப்களை ஆழத்துக்கு இழுக்கிறது. ஆழத்தில் நிற்கும் நேரமெல்லாம் மெதுவாக நிரம்பும் திசுக்கள் வாயுவை ஏற்றிக்கொண்டே இருக்கும். அமெரிக்கக் கடற்படையின் பரிசோதனை டைவிங் பிரிவு 2011-ல் வெளியிட்ட ஆய்வறிக்கை இதைத்தான் சோதித்தது. சுமார் 52 மீட்டர் ஆழம், 30 நிமிடம், காற்று சுவாசம், மொத்த டீகோ நேரம் இரண்டு முறைக்கும் ஒன்றே. ஆழமான ஸ்டாப்களில் 198 டைவ்களுக்கு 10 பேருக்கு டீகம்ப்ரஷன் நோய் வந்தது. ஆழம் குறைந்த ஸ்டாப்களில் 192 டைவ்களுக்கு 3 பேர். அந்த முடிவுகளைப் படித்துவிட்டு யோசித்துத்தான் பலர் முதல் எண்ணை உயர்த்தி வைத்திருக்கிறார்கள். நீங்கள் அதற்கு உடன்படாமல் இருக்கலாம், அது வேறு வாதம். வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்து வைத்த எண்ணை அவருக்குச் சொல்லாமல் மாற்ற உங்களுக்கு உரிமை இல்லை.

பொறுப்பு முழுவதும் டைவரையே சேரும் என்று விதிமுறைகளில் இருப்பதாகவும் உங்கள் பதிலில் நினைவூட்டியிருந்தார்கள். இந்தத் துறையில் எல்லோருக்கும் அது தெரியும், நானும் அதை மறுக்கவில்லை. தன் பொறுப்பை உணர்ந்த ஒரு வாடிக்கையாளர்தான் கணக்குப் போட்டுப் பார்த்து, பிழையைக் கண்டுபிடித்து, உங்களுக்கு எழுதுகிறார். அதற்குப் பதிலாக விதிமுறையை நீட்டுவது முறையில்லை. தவறான எண்ணைத் திருத்துவது உங்கள் வேலை.

நான் எதிர்பார்ப்பது இதுதான். முதலில், ஆப்பைத் திறந்ததும் கண்ணில் படும்படி எல்லா வாடிக்கையாளருக்கும் இன்றே ஓர் எச்சரிக்கை போடுங்கள். மாற்றுத் திட்டங்களின் லிட்டர் கணக்கை நம்ப வேண்டாம், கிரேடியன்ட் ஃபேக்டரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு வரி போதும். திருத்தம் தயாராகும்வரை மாற்றுத் திட்டங்களில் அந்தப் பச்சை டிக்கையும், அச்சுப் பக்கத்தில் வரும் 'கேஸ் போதுமானது' என்ற வரியையும் எடுத்துவிடுங்கள். திருத்திய பதிப்பில் ஒவ்வொரு மாற்றுத் திட்டத்துக்கும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகத் தேவை வர வேண்டும். சிலிண்டரின் கொள்ளளவைத் தாண்டினால் சிவப்பில் காட்ட வேண்டும். அச்சுப் பக்கத்தில் கிரேடியன்ட் ஃபேக்டரும் ஆப்பின் பதிப்பு எண்ணும் இருந்தால், இறங்குவதற்கு முன் குழுவில் ஒருவர் தாளை மற்றவர் தாளோடு ஒப்பிட்டுக்கொள்ள முடியும்.

சந்தாப் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. மேலே சொன்ன டைவின் முதன்மைத் திட்டம், இரண்டு கேஸ் இழப்புத் திட்டங்கள், என் கைக்கணக்கு எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். உங்கள் பொறியாளர் யாராவது என்னோடு பேச விரும்பினால் எந்த நேரமும் தயார். எச்சரிக்கை வெளியிட்டதற்கான உறுதியை ஒரு வாரத்துக்குள் எழுத்தில் அனுப்புங்கள். வராவிட்டால் இதே கணக்கை எனக்குத் தெரிந்த பயிற்றுநர்களுக்கும் டைவ் குழுக்களுக்கும் நானே அனுப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்

இணைப்பு: மூன்று திட்டப் பக்கங்கள், கைக்கணக்குத் தாள், உதவி மையத்தின் பதில்