உன் மணியும் எங்கள் தாத்தாவும்

அடியே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது. காரணம் நாலு பூனைக்குட்டிகள். கண் அப்போதுதான் திறந்திருந்தது, பத்து நாள் குட்டிகளாக இருக்கும், யாரோ அட்டைப்பெட்டியில் போட்டு, ஆதரவில்லாத நாய் பூனைகளுக்காக எங்கள் குழு நடத்தும் காப்பகத்தின் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்றைக்கு வேறு யார் வீட்டிலும் இடமில்லை. பெட்டி என் மடியில் ஏறி வீட்டுக்கு வந்தது.

தாயில்லாத குட்டி என்றால் பாட்டிலில் பால் கொடுக்க வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்திருந்தேன். முதலில் சூடு, அப்புறம்தான் பாலாம். உடம்பு சில்லிட்டுப்போன குட்டிக்குப் பால் செரிக்காது, அதுவே உயிருக்கு ஆபத்தாகிவிடும். அதனால் துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை ஒட்டிப் படுக்கவைத்து, உடம்பில் சூடு ஏறிய பிறகுதான் ஊட்ட வேண்டும். மாட்டுப்பால் ஆகாது, வயிற்றுப்போக்கு வந்துவிடும், பூனைக்குட்டிகளுக்கென்றே வரும் பால்மாவுதான். கைக்குழந்தையைப் போல மல்லாக்கப் பிடித்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடும், குப்புறத்தான் பிடிக்க வேண்டும். 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரவிலும். இதில் நீ சிரிக்கப்போகும் விஷயம் ஒன்று இருக்கிறது: முதல் மூன்று வாரம் அதுகளுக்குத் தானாகச் சிறுநீர் கழிக்க வராது. தாய் நக்கிவிட்டால்தான் போகும். தாய் இல்லையே, அதனால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் நான் தடவிவிட வேண்டும். நடு இரவு இரண்டு மணிக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தூக்கிவைத்து, "போடா ராஜா, போயிடு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். பெற்ற பிள்ளைகளிடம்கூட இவ்வளவு கெஞ்சியதில்லை.

தினமும் எடை பார்க்க வேண்டும், நாளைக்குச் சுமார் 10 கிராம் ஏற வேண்டும். நோட்டில் நாலு பத்தி போட்டு எழுதிவந்தேன். ஆறாம் நாள் ஒரு பத்தி நின்றுவிட்டது. அதைப் பற்றி இப்போது வேண்டாம். மற்ற மூன்றும் திரைச்சீலையில் ஏறப் பார்க்கின்றன.

நீ இதை "பெரிய சேவை" என்று எழுதியிருந்தாய். சேவை என்ற சொல்லை விடு. என் நேரத்தில் பாதி துணி துவைப்பதில் போகிறது, மீதியில் பாதி போனில் போகிறது. நாயைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சுகிற நேரம் என்று பார்த்தால் வாரத்துக்கு அரைமணி தேறினால் அதிகம். கொஞ்சத்தான் வருகிறேன் என்று சேர்கிறவர்கள் இரண்டாவது வாரமே காணாமல் போகிறார்கள், கூண்டு கழுவுகிறேன் என்று வருகிறவர்கள் வருடக்கணக்கில் இருக்கிறார்கள்.

கழுவுவது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்கு ஒரு தவற்றில்தான் புரிந்தது. சேர்ந்த புதிதில் இரண்டு நாய்க்குட்டிகள் வந்தன. துள்ளிக்கொண்டு, பளபளவென்று. புதிதாக வருவதை 14 நாள் தனியே வைக்க வேண்டும் என்பது விதி. பாவம், இரண்டும் நன்றாகத்தானே இருக்கின்றன என்று மூன்றாவது நாளே மற்றக் குட்டிகளோடு முற்றத்தில் விட்டவள் நான். ஐந்தாம் நாள் ஒன்று வாந்தி எடுத்தது, அப்புறம் ரத்தமாகப் போனது. பார்வோ, நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய். உடம்புக்குள் போய் நோயாக வெளியே தெரியவே சில நாளாகும், சிலதுக்கு இரண்டு வாரம்கூட ஆகும், அதற்குத்தான் அந்த 14 நாள் கணக்கு. அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில், சமயத்தில் ஒரு வருடத்துக்கு மேலும் கிடக்கும். சோப்புக்கெல்லாம் அசையாது. 1 பங்கு ப்ளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டுத் தேய்க்க வேண்டும், அதுவும் தரைக்குத்தான் சரி, மண்ணுக்கு ஒன்றும் செய்ய முடியாது. அந்த முற்றத்தில் அப்புறம் வெகுகாலம் நாங்கள் குட்டிகளை விடவே இல்லை. ஐந்து குட்டிகளில் மூன்று பிழைத்தன. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சரி, நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தது வேறு ஒரு விஷயத்துக்காக. சுற்றி வளைக்கிறேன், தெரிகிறது.

இப்போது போன் அழைப்புகளைக் கவனிப்பது நான்தான். "எங்களால் வளர்க்க முடியவில்லை, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று வரும் அழைப்புகள். தொடக்கத்தில் எனக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. குரலைக் கேட்டதுமே மனதுக்குள் திட்ட ஆரம்பித்துவிடுவேன். ஒருநாள் ஒருவர் அழைத்து, பத்து நிமிடம் தன் நாயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். எந்தக் காதுக்குப் பின்னால் சொறிந்தால் கண்ணை மூடும், மாத்திரையை எப்படி வாயோரம் ஒதுக்கிவைத்து அப்புறம் சோபாவுக்கு அடியில் துப்பும், இடி இடித்தால் எங்கே போய் ஒளியும் என்று. சரி சார், எதற்கு அழைத்தீர்கள் என்றேன். பேச்சு நின்றுவிட்டது. மனைவிக்கு நோய், மருத்துவமனைக்குப் பக்கத்தில் வீடு மாறுகிறார்கள், அங்கே நாய்க்கு அனுமதி இல்லை. அந்த மனிதர் அழுததை நான் கேட்டேன், அவர் போனைக் கையால் மூடிக்கொண்டிருந்தும் கேட்டது.

அந்த நாயை நாங்கள் தத்துக்கு விடவில்லை. எங்கள் ஆள் ஒருவர் வீட்டில் நாலு மாதம் இருந்தது, அப்புறம் போனில் அழுத அந்த மனிதரிடமே திரும்பிப் போய்விட்டது. இப்படி அழைப்பவர்களில் எத்தனையோ பேருக்கு நாயைக் கொடுத்துவிட வேண்டிய தேவையே இருக்காது, கொஞ்ச நாள் தாங்கிக்கொள்ள ஒரு தோள் இருந்தால் போதும். இன்னும் சிலருக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால் போதும். "எங்கள் பூனை பழிவாங்குகிறது, மண் தட்டை விட்டுவிட்டுப் படுக்கையில் போகிறது, அழைத்துப் போய்விடுங்கள்" என்று ஒரு பெண். ஆண் பூனையா, அடிக்கடி முக்கி முக்கி உட்கார்கிறதா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். இன்றைக்கே டாக்டரிடம் ஓடு, நாளைக்கு என்று வைக்காதே என்றேன். ஆண் பூனைக்குச் சிறுநீர்ப்பாதை அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். பழியும் இல்லை ஒன்றும் இல்லை, வலி.

இப்போது உன் மணியைப் பற்றி.

நீ வேலை மாறிப் போனபோது மணியை ஒரு குடும்பத்திடம் கொடுத்துவிட்டாய் என்று எனக்கு வேறு ஒருத்தி வழியாகத்தான் தெரிந்தது. அதற்கப்புறம் எட்டு மாதம் நான் உனக்கு எழுதவில்லை. வேலை அதிகம் என்று சொன்னேன், நினைவிருக்கிறதா? பொய். உன்மேல் கோபம். நாயைக் கொடுத்தவள் என்று ஒரு முத்திரை குத்தி வைத்திருந்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மணியைக் கொடுத்த அன்று நீ எப்படி இருந்தாய், அந்தப் பழைய போர்வையையும் கூடவே கொடுத்தாயா, அப்புறம் எப்போதாவது போய்ப் பார்த்தாயா, எதுவும். நீ அந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் நான் வேறு பேச்சுக்குத் தாவினேன். இத்தனை வருடம் கழித்துக் கேட்கிறேன், சொல்ல விருப்பம் இருந்தால் சொல்.

இதே முத்திரையைத்தான் இங்கேயும் குத்திக்கொண்டிருந்தேன். தத்தெடுக்க வருபவர்களுக்கு ஒரு படிவம் உண்டு. அதில் "இதற்கு முன் வளர்த்த பிராணி என்ன ஆனது?" என்று ஒரு கேள்வி. "கொடுத்துவிட்டோம்" என்று எழுதியிருந்தால் அந்தத் தாளை அடியில் செருகிவிடுவேன். ஒரு தடவை பெரிய தோட்டம், சுற்றுச்சுவர், எல்லாக் கட்டத்திலும் சரியான பதில் என்று ஒரு வீட்டுக்கு ஒரு நாயை மனதாரத் தூக்கிக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் திரும்பி வந்துவிட்டது. "விளையாடவே மாட்டேன் என்கிறது, மூலையிலேயே படுத்திருக்கிறது." மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் வீட்டுப் பழக்கம், மூன்று மாதத்தில்தான் இது என் வீடு என்கிற நிம்மதி என்று நாங்கள் படித்துப் படித்துச் சொல்வது இதற்குத்தான். அடியில் செருகிய தாளை எங்கள் குழுவில் ஒருவர் எடுத்துப் பார்த்து, என்னிடம் கேட்காமலே போன் போட்டார். மூன்றாவது மாடி, இரண்டே அறை. முன்பு ஒரு நாயைக் கொடுத்தவர்கள். இப்போது அதே நாய் அங்கே கட்டிலின் குறுக்கே படுத்துக்கொண்டு அவர்களைச் சுவரோரம் தள்ளுகிறது, படம் அனுப்பினார்கள்.

அப்புறம், நீ நாய்க்குட்டி வாங்கலாமா என்று கேட்டிருந்தாயே. வேண்டாம். கோபித்துக்கொள்ளாதே. 16 வாரம் ஆகும்வரை தடுப்பூசிக்காக மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை அலைய வேண்டும், பல் முழுக்க விழுந்து முளைக்க ஆறேழு மாதம், அதுவரை செருப்பும் நாற்காலிக் காலும் உனக்குச் சொந்தமில்லை. அதற்கெல்லாம் மேலே, உன் முழங்கால்.

எங்களிடம் ஒருவன் இருக்கிறான். நாங்கள் தாத்தா என்று கூப்பிடுகிறோம். பத்து வயதுக்கு மேல் இருக்கும், பல் எல்லாம் தேய்ந்துவிட்டது. தோலுக்கடியில் சிப் இருந்தது. அரிசிமணி அளவுதான் இருக்கும், ஸ்கேனரைக் காட்டினால் 15 இலக்க எண் வரும், அந்த எண்ணுக்கு நேரே பதிந்திருந்த போன் எப்போதோ செத்துவிட்டது. (சிப் இருந்தால் நாய் எங்கே போகிறது என்று வரைபடத்தில் தெரியும் என்று நினைக்கிறார்கள் பலர். தெரியாது. விலாசம் மாறினால் போய்ச் சொல்ல வேண்டும், அதை யாரும் செய்வதில்லை.) கண்ணில் நீலம் பாய்ந்தாற்போல இருக்கும், புரை இல்லை, வயதானால் லென்ஸ் அப்படி ஆகும், பார்வை பரவாயில்லை என்றார் டாக்டர். எங்களிடம் வந்து 11 மாதம் ஆகிறது. முதலில் கூண்டுக்கு மேலிருந்து எடுத்த படத்தைப் போட்டோம், யாரும் கேட்கவில்லை. அப்புறம் நான் தரையில் படுத்து அவன் கண்மட்டத்தில் எடுத்துப் போட்டேன். நிறையப் பேர் "அழகு" என்றார்கள். கேட்கத்தான் ஆளில்லை.

குறையையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஏமாற்றிவிட்டாள் என்று சொல்லாதே. படி ஏற மாட்டான். காது பாதி கேட்கும், கூப்பிட்டால் மட்டும் முழுதாகக் கேட்காது. தூங்கும்போது வாயு விடுவான், விட்டுவிட்டு அவனே திடுக்கிட்டு எழுந்து நம்மைப் பார்ப்பான். பின்னங்கால் மூட்டுக்குத் தினமும் மாத்திரை. இன்னும் எத்தனை வருடம் என்று நீ கேட்பாய், எனக்குத் தெரியாது, அதிகம் இருக்காது.

வற்புறுத்தவில்லை. சரி, வற்புறுத்துகிறேன்தான். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டாம் பக்கத்தில் அந்தக் கேள்வி இருக்கும், மணியைப் பற்றி எழுத வேண்டிய இடம் அது. இரண்டு வரிதான் விட்டிருக்கிறார்கள், போதாவிட்டால் தனித்தாளில் எழுது. அதைப் படிக்கப்போகிறவள் நான்தான்.

உன்,
பழைய பெஞ்சுக்காரி