ஆஸ்கர் இசைப் பிரிவினருக்கு: பிரின்ஸோடு நின்றுபோன விருது

ஆஸ்கர் அகாடமியின் இசைப் பிரிவு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் நாயகனாக நடித்து, பாடல்களும் தந்த 'பர்ப்பிள் ரெயின்' படத்தை இன்னொரு முறை பார்த்த கையோடு இதை எழுதுகிறேன்.

1985 மார்ச்சில், மினுமினுக்கும் ஊதா முக்காடும் தானுமாக மேடையேறிய பிரின்ஸ், தன் இசைக்குழுவைச் சேர்ந்த வெண்டி, லிசா இருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் படத்துக்காக உங்களிடம் ஒரு விருது வாங்கினார். ஒரு படத்துக்கென்றே எழுதிய பாடல்கள் மொத்தத்துக்கும் சேர்த்துத் தரும் விருது அது. அதற்குப் பிறகு அது யாருக்கும் போகவில்லை. 2000இல் புதுப் பெயர் சூட்டி விதிகளில் சேர்த்தீர்கள். தகுதியான படங்கள் போதிய எண்ணிக்கையில் வந்தால்தான் என்று நிபந்தனையும் போட்டீர்கள். ஏட்டுச் சுரைக்காயாகவே கிடக்கிறது.

தனிப்பாடலுக்குத்தான் விருது இருக்கிறதே என்பீர்கள். அதே ஆண்டின் பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். ஐந்து பாடல்கள், பிரின்ஸின் பாட்டு ஒன்றுகூட இல்லை! அந்தப் படத்தில் வரும் 'வென் டவ்ஸ் க்ரை' 1984 கோடையில் ஐந்து வாரம் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்த பாட்டு. பேஸ் கிட்டாரே இல்லாமல் அப்படியொரு பாட்டைப் போட அன்று யாருக்குத் துணிச்சல் இருந்தது? மொத்த விருது என்று ஒன்று இல்லாதிருந்தால், அந்தப் படம் உங்கள் மேடையிலிருந்து வெறுங்கையோடுதான் திரும்பியிருக்கும்.

படத்தில் குறையே இல்லை என்று வாதாட வரவில்லை. வசனம் பேசும்போது பிரின்ஸ் சுமார்தான். பெண்களை நடத்தும் விதம் இன்று பார்க்கக் கூசுகிறது; ஒருத்தியைக் குப்பைத் தொட்டியில் தூக்கிப் போடுவதை நகைச்சுவை என்று வைத்திருக்கிறார்கள். ஆனால் கதையைச் சுமப்பது பாடல்கள். பிரின்ஸ் நடிக்கும் நாயகனின் தகப்பன் பியானோ வாசிக்கிறான். எழுதி வைத்திருக்கிறாயா என்று மகன் கேட்டால், எனக்கு அது தேவையில்லை என்கிறான். தகப்பன் தன்னைச் சுட்டுக்கொண்ட பிறகு, வீட்டின் கீழறையில் கட்டுக்கட்டாக இசைக்குறிப்புகள் மகனின் கையில் கிடைக்கின்றன. அதுவரை சீண்டாமல் போட்டிருந்த வெண்டி, லிசாவின் மெட்டை மகன் எடுப்பது அப்போதுதான் (படத்திலும் அவர்கள் அவனுடைய இசைக்குழுவினர்). மேடையில் தகப்பனுக்கென்று சொல்லிவிட்டு, இது இவர்கள் எழுதியது என்றும் சொல்லிப் பாடுகிறான். மன்னிப்பு என்று ஒரு வசனம் கிடையாது. அந்தப் பாட்டை மட்டும் தனியே கத்தரித்து உங்கள் குழுவுக்குப் போட்டுக் காட்டினால் இதில் எது தெரியும்?

இத்தனைக்கும் அந்தப் படப் பாடல்களின் ஒலிப்பதிவுக்கு அடித்தளம், 1983 ஆகஸ்ட் 3 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஃபர்ஸ்ட் அவென்யூ கிளப்பில் ஒரு நடனக் குழுவுக்காக நடந்த நிதிக் கச்சேரி. பத்தொன்பது வயது வெண்டிக்கு பிரின்ஸின் இசைக்குழுவோடு அதுதான் முதல் மேடை. படம் வெளியானது அடுத்த ஆண்டு ஜூலையில்.

பாட்டிலேயே கதை நகர்வது எங்கள் ஊர் ரசிகனுக்குப் பழகிய சங்கதி. உங்களுக்கும் ஒரு காலத்தில் பழகியதுதான்.

ஆண்டுதோறும் கொடுங்கள் என்று கேட்கவில்லை. அந்த எண்ணிக்கை நிபந்தனையை எடுத்துவிடுங்கள். தகுதியான படம் ஒன்றே ஒன்று வந்தாலும் குழு உட்கார்ந்து பார்க்கட்டும், பிடித்தால் கொடுக்கட்டும். வராத ஆண்டில் விட்டுவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு ரசிகன்