மறைச்சொல்லை ரிமோட்டில் தட்டச் சொல்லாதீர்கள்

டிவிச் செயலியை நடத்தும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். போன வாரம் நீங்கள் அனுப்பிய அப்டேட் எத்தனை வீடுகளில் கணக்கை வெளியே தள்ளியது என்பது எங்களைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆகவே கதையை முதலிலிருந்து சொல்லவில்லை. கேட்பது ஒன்றுதான்: டிவியில் லாகின் செய்ய ரிமோட்டால் மறைச்சொல் தட்டச் சொல்வதை நிறுத்துங்கள்.

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் தனியாக இருக்கும் எழுபது வயது அம்மா ஒருவரின் கையில் ரிமோட்டைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். திரையில் வரிசைக்கு ஆறு எழுத்து. ‘ஏ’யிலிருந்து ‘இஸட்’டுக்குப் போக கீழே நான்கு, வலப்பக்கம் ஒன்று, பிறகு ஓகே. ஓர் எழுத்துக்கு ஆறு அழுத்து. மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வரும் ‘@’ குறிக்கு வேறு பக்கம் போக வேண்டும். பெரிய எழுத்து, எண், குறி மூன்றும் மறைச்சொல்லில் இருந்தே ஆக வேண்டும் என்ற விதியும் உங்களுடையதுதான். 12 எழுத்துக்கு, எழுத்துக்கு ஐந்து என்று வைத்தாலும் 60 அழுத்து. தட்டியதெல்லாம் புள்ளியாகத் தெரிவதால் எங்கே வழுக்கியது என்று கண்டுபிடிக்க முடியாது. விரல் தவறி ‘பேக்’ பட்டால் முதலிலிருந்து.

அதைக் கடந்தால் ஓடிபி. அது போவது மகனின் கைப்பேசிக்கு. மகன் ரிசர்விஸ்ட் ராணுவப் பயிற்சியில் இருப்பார், இல்லாவிட்டால் சாங்கியில் இரவு ஷிஃப்டில். அவர் பார்த்துச் சொல்வதற்குள் எண் காலாவதியாகிவிடும். இரண்டு மூன்று தடவை தவறினால் கணக்குக்கே பூட்டு. அம்மா டிவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விடுவார். மாதச் சந்தா மட்டும் தவறாமல் கழிகிறது. அதற்கு ஓடிபி கேட்பதில்லை.

வேறு வழி இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளலாம். வழி 2019 ஆகஸ்டிலேயே எழுதி வெளியிடப்பட்டுவிட்டது: ஆர்எஃப்சி 8628 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம். விசைப்பலகை இல்லாத கருவிகளுக்கென்றே வந்த நெறிமுறை. டிவி ஒரு சின்னக் குறியீட்டைக் காட்டும், கூடவே கியூஆரும் காட்டலாம். குடும்பத்தில் ஒருவர், ஏற்கெனவே கணக்கு திறந்திருக்கும் தன் கைப்பேசியில் ஒப்புதல் கொடுத்தால் போதும். அம்மா போனில் வாசித்துக் காட்டினால் வெளியில் இருக்கும் மகனும் கொடுக்கலாம். டிவி ஐந்து விநாடிக்கு ஒருமுறை ‘ஆயிற்றா, ஆயிற்றா’ என்று சர்வரைக் கேட்டு, தானே உள்ளே போய்விடும். குறியீட்டில் உயிரெழுத்துகளைத் தவிர்த்தால் தற்செயலாக ஏடாகூடமான சொல் அமையாது என்பதுவரை அதில் யோசித்திருக்கிறார்கள். உங்கள் பொறியாளர்கள் படிக்காததா?

சரி, கணக்கு ஏன் அடிக்கடி வெளியேறுகிறது? பாதிப் பழி உங்கள் உதவி எண்ணில் பேசுபவர்களுடையது. படம் சிக்கினாலும் சத்தம் வராவிட்டாலும் ‘கிளியர் டேட்டா’ செய்யுங்கள் என்கிறார்கள். ‘கிளியர் கேச்’ செய்தால் தற்காலிகக் கோப்புகள் மட்டும் போகும். ‘கிளியர் டேட்டா’ லாகினையும் சேர்த்துத் துடைத்துவிடும். இரண்டும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. முதலில் கேச், பிறகு பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம், அதற்கும் சரிவராவிட்டால்தான் டேட்டா. இந்த வரிசையை அவர்களுக்கு எழுதிக் கொடுங்கள்.

இன்னொன்று, இங்கே பல வீடுகளில் இரவில் சுவரிலேயே சுவிட்சை அணைப்பார்கள். மின் கட்டணம் அப்படி. உங்கள் செயலியை ஓட்ட டிவியில் செருகும் ஸ்ட்ரீமிங் குச்சிகள் பலவற்றில் கடிகார பேட்டரி இல்லை. காலையில் மின்சாரம் வந்து, இணையத்திலிருந்து நேரம் வாங்கும்வரை பழைய தேதியிலேயே நிற்கும். அதற்குள் உங்கள் செயலி முந்திக்கொண்டு திறந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததுபோல் தோன்றும். பத்து விநாடி பொறுத்து மறுபடி கேட்க வேண்டிய இடம் அது. கணக்கை வெளியேற்றும் இடமல்ல. குச்சியை டிவியின் யுஎஸ்பி துளையில் செருகியிருப்பவர்கள் தனி ரகம்: பழைய துளை தருவது அரை ஆம்பியர், குச்சி கேட்பது பெரும்பாலும் ஓர் ஆம்பியர். அப்டேட் நடுவில் அது அணைந்து எழுவதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டோம். அடாப்டரைச் சுவரில் செருகச் சொல்லி ஒரு வரி திரையில் காட்டலாம், அதையும் தமிழில் காட்டலாம். இந்த நாட்டில் அதுவும் அதிகாரத்துவ மொழிதான்.

சாப்பாட்டுக்கு கியூஆர், கிளினிக்குக்கு ஓடிபி, வங்கிக்கு டோக்கன். வயதானவர்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டுதான் வருகிறார்கள். இலவசத் தமிழ் ஒளிவழியான வசந்தம் பார்க்க ஆன்டெனாவைச் செருகி ஒருமுறை தேடவிட்டால் போதும். 2019இல் அனலாக் போய் டிஜிட்டல் வந்த பிறகும் அது யாரிடமும் பெயர் கேட்டதில்லை. காசு கொடுத்துப் பார்ப்பவர்களைத்தான் நீங்கள் வாசலில் நிறுத்தி விசாரிக்கிறீர்கள்.

கோபம் கொஞ்சம் மேலே வந்துவிட்டது, மன்னிக்கவும். அடுத்த அப்டேட்டுக்கு முன் டிவியில் குறியீட்டு லாகினைக் கொண்டுவாருங்கள். அது தயாராகும்வரை, தட்டும் மறைச்சொல்லைக் கண்ணில் காட்டும் பொத்தான் ஒன்றாவது வையுங்கள். ஓடிபி எண்ணைப் பத்து நிமிடமாவது உயிரோடு வைத்திருங்கள். எந்தத் தேதிக்குள் முடியும் என்று ஒரு வரி பதில் போட்டால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
அம்மா அப்பாவுக்கு ரிமோட் பிடித்துக் கொடுக்கும் சந்தாதாரர்கள்